சாசேஜ் பாக்கெட்டில் 250 என்று போட்டிருக்கிறதே, மேடம்?

கோவையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் கடிதத்தை மட்டும் கொஞ்சம் சுருக்கித் தருகிறேன்.

"வணக்கம் மேடம். நானும் அவரும் வேலைக்குப் போகிறோம். பசங்க இரண்டு பேர், பெரியவனுக்கு 11, சின்னவளுக்கு 6. காலையில் நேரமே இருக்காது, அதனால் வாரத்தில் நாலு நாளாவது டிபன் பாக்ஸில் ஆளுக்கு இரண்டு சிக்கன் சாசேஜ் போய்விடும். அவருக்கு தினமும் ராத்திரி பிரெட்டில் நாலு ஸ்லைஸ் சலாமி இல்லாமல் சாப்பாடு இறங்காது. போன வாரம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில், 'பாக்கெட்டுக்குப் பின்னாடி 250 என்று இருந்தால் அது கேன்சர், சிகரெட்டும் அதுவும் ஒன்று' என்று வந்தது. ஃப்ரீசரைத் திறந்து பார்த்தால் எங்கள் பாக்கெட்டிலும் 250, கூடவே 316, 451 என்று ஏதேதோ இருக்கிறது. தூக்கிப் போட மனசு வரவில்லை, கொடுக்கவும் பயம். 'நைட்ரைட் சேர்க்காதது' என்று ஒன்று கிடைக்கிறது, விலை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதற்கு மாறிவிடலாமா? இன்னொன்று, என் அம்மா ஊரிலிருந்து உப்புக்கண்டம் போட்டு அனுப்புவார்கள். அதுவுமா தப்பு? என் மாமனாருக்கு 55 வயதில் பெருங்குடலில் ஒரு பெரிய பாலிப்பை (உள்சுவரில் வளரும் சதை முளை) எடுத்தார்கள், விட்டிருந்தால் கேன்சராக மாறக்கூடிய வகை என்று டாக்டர் சொன்னார். அதனால்தான் இவ்வளவு பயம்."

தோழி, ஃப்ரீசரில் இருக்கும் பாக்கெட்டைத் தூக்கிப் போட வேண்டாம். வாரத்துக்கு ஒரு நாள் என்று வைத்துத் தீர்த்துவிடுங்கள், ஒன்றும் ஆகிவிடாது. உங்கள் கடிதத்தில் என்னை யோசிக்க வைத்தது குழந்தைகளின் சாசேஜ்கூட இல்லை, கடைசி இரண்டு வரிகளும் அந்த ராத்திரி சலாமியும்தான். அதற்குக் கடைசியில் வருகிறேன், தயவுசெய்து அதுவரைக்கும் படியுங்கள்.

250 என்பது சோடியம் நைட்ரைட். உணவில் சேர்க்கும் பொருள்களுக்கு உலக அளவில் ஓர் எண் வரிசை இருக்கிறது, நம் ஊர் லேபிளில் ஐ.என்.எஸ். என்று போட்டு அந்த எண்ணைக் கொடுப்பார்கள், ஐரோப்பாவில் அதே எண்ணுக்கு முன்னால் இ என்று இருக்கும். (பாக்கெட்டின் எடையும் 250 கிராம் என்று இருக்கலாம், அதைப் பார்த்துப் பயந்து எனக்கு போட்டோ அனுப்பியவர்களும் உண்டு.)

எம்.எஸ்ஸி. படிக்கும்போது ஒரு மாதம் பயிற்சிக்காக இறைச்சி பதப்படுத்தும் ஆலை ஒன்றில் இருந்தேன். அரைத்த கோழிக்கறியை ஒரு பெரிய சுழலும் தொட்டியில் கொட்டி, சூடாகிவிடாமல் இருக்க ஐஸ் துண்டுகளை அள்ளிப் போட்டு, நம் உளுந்து மாவு பதத்துக்கு அரைப்பார்கள். நைட்ரைட் மட்டும் தனி அலமாரியில், பூட்டு போட்டு இருக்கும். அதை எடுத்து நிறுத்துக் கொடுக்க ஒரே ஒருவருக்குத்தான் அனுமதி, தங்கம் நிறுப்பதுபோல் நிறுப்பார். 100 கிலோ மாவுக்கு 12 கிராம், அவ்வளவுதான், ஒரு மேசைக்கரண்டிகூட நிரம்பாது. ஒரு நாள் எங்களுக்குக் காட்டுவதற்காக அதைச் சேர்க்காமல் ஒரு சின்ன தட்டு மாவைத் தனியே வேகவைத்தார்கள். சூப்பில் வெந்த கோழி மாதிரி சாம்பல் வெள்ளையாக வந்தது. பக்கத்திலேயே வழக்கமான தட்டு, இளஞ்சிவப்பாக, விளம்பரத்தில் வருவதுபோல். வாசனையும் வேறு. சாசேஜ் வாசனை என்று நாம் நினைப்பதில் நல்ல பங்கு அந்த 12 கிராமுடையது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

நைட்ரைட் இறைச்சியில் உடைந்து நைட்ரிக் ஆக்ஸைடு ஆகிறது. அது தசையில் இருக்கும் மயோகுளோபின் என்ற நிறப்புரதத்தைப் பிடித்துக்கொள்வதால் வேகவைத்தாலும் சிவப்பு போகாது. இன்னொரு வேலை இதைவிட முக்கியமானது, போட்டுலிசம் என்ற கொடிய நச்சை உண்டாக்கும் கிருமியை வளரவிடாமல் தடுப்பது. காற்றில்லாத இடம்தான் அந்தக் கிருமிக்குச் சொர்க்கம், காற்றை உறிஞ்சி மூடிய பாக்கெட்டின் உள்ளே இருப்பதும் அதேதான். போட்டுலஸ் என்றால் லத்தீனில் சாசேஜ். ஜெர்மனியின் வூர்ட்டம்பெர்க் பகுதியில் கெட்டுப்போன சாசேஜ் தின்று ஆட்கள் செத்துக்கொண்டிருந்தபோது யுஸ்டினுஸ் கெர்னர் என்ற மருத்துவர் (கவிஞரும்கூட) 1820-களில் அந்த நோயை வரி வரியாக எழுதி வைத்தார், அந்த சாசேஜ்தான் நோய்க்குப் பெயராகவும் நின்றுவிட்டது. ஆக, இந்தப் பொடியை யாரோ நம்மைக் கொல்ல வேண்டும் என்று கண்டுபிடித்துப் போடவில்லை. அதற்கு முன்னால் பல நூற்றாண்டுகளாக வெடியுப்பைப் போட்டு இதே வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை, உங்களுக்கு இல்லாவிட்டாலும் வீட்டிலேயே சாசேஜ் செய்யக் கிளம்பும் மற்றவர்களுக்கு. சோடியம் நைட்ரைட் பார்க்க அப்படியே சமையல் உப்பு மாதிரி இருக்கும். 1944-இல் நியூயார்க்கில் ஒரு சிற்றுண்டிச்சாலையில் உப்பு என்று நினைத்து ஓட்ஸ் கஞ்சியில் இதைப் போட்டுவிட, சாப்பிட்ட 11 பேர் உடம்பு நீலமாகி மருத்துவமனைக்கு வந்தார்கள். ரத்தம் ஆக்ஸிஜனைத் தூக்கிச் செல்ல முடியாமல் போவதால் வரும் நீலம் அது. உப்போடு குழப்பிக்கொள்ளாமல் இருக்கத்தான், கறியைப் பதப்படுத்த நைட்ரைட் கலந்து விற்கும் க்யூரிங் உப்பில் இளஞ்சிவப்புச் சாயம் ஏற்றுகிறார்கள், வெளிநாட்டு சமையல் வீடியோக்களில் அதைப் 'பிங்க் சால்ட்' என்பார்கள். நம் வீட்டில் பிங்க் சால்ட் என்றால் இந்துப்பு. இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை! வீடியோவைப் பார்த்து ஆன்லைனில் க்யூரிங் உப்பு வாங்கி வைக்காதீர்கள், அதுவும் குழந்தைகள் இருக்கும் வீட்டில்.

சரி, கேன்சர் விஷயம். வாட்ஸ்அப் செய்தி முழுப் பொய் இல்லை, அதனால்தான் இவ்வளவு தொந்தரவு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு பிரான்ஸில் லியோன் நகரத்தில் இருக்கிறது. 2015 அக்டோபரில் 10 நாடுகளைச் சேர்ந்த 22 பேர் அங்கே உட்கார்ந்து 800-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைப் பார்த்துவிட்டு, பதப்படுத்திய இறைச்சியை முதல் பிரிவில் வைத்தார்கள். புகையிலையும் அதே பிரிவில்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பிரிவு சொல்வது, 'இது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்பதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை' என்பதை மட்டும்தான். எவ்வளவு உண்டாக்கும் என்று அது சொல்லவே இல்லை. எறும்பும் கடிக்கும், பாம்பும் கடிக்கும், கடிக்கும் என்பது இரண்டிலும் உறுதி என்றால் ஒரே பட்டியலில் வரும். அந்த நேரத்தில் உலக சுகாதார நிறுவனம் எடுத்துச் சொன்ன கணக்கையே பாருங்கள்: பதப்படுத்திய இறைச்சி அதிகம் உள்ள உணவால் உலகம் முழுக்க வருஷத்துக்குச் சுமார் 34,000 புற்றுநோய் மரணங்கள், புகையிலையால் சுமார் 10 லட்சம், மதுவால் 6 லட்சம். சிகரெட்டும் சாசேஜும் ஒன்று என்பவர்கள் இந்த வரியை மட்டும் ஃபார்வர்டு செய்வதில்லை.

அப்புறம் அந்த 18 சதவீதம். தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு 18 சதவீதம் கூடும் என்று அவர்கள் சொன்னது பத்திரிகைகளில் எல்லாம் வந்தது, படித்த பாதிப் பேர் 100-இல் 18 பேருக்கு வரும் என்று புரிந்துகொண்டார்கள். அப்படி இல்லை. பிரிட்டனில் இதை எளிதாகப் போட்டுக் காட்டினார்கள்: அங்கே ஆயிரம் பேரில் சுமார் 61 பேருக்கு வாழ்நாளில் என்றைக்காவது இந்த நோய் வருகிறது. பதப்படுத்திய இறைச்சியை மிகக் குறைவாகத் தின்னும் ஆயிரம் பேரை எடுத்தால் 56, மிக அதிகமாகத் தின்னும் ஆயிரம் பேரில் 66. பத்துப் பேர் வித்தியாசம். நம் நாட்டில் இந்த நோய் பிரிட்டனைவிடக் குறைவு என்பதால் வித்தியாசமும் அந்த அளவுக்குச் சின்னதாகவே இருக்கும். பத்துப் பேர் என்பது ஒன்றுமில்லை என்று நான் சொல்ல மாட்டேன், அந்தப் பத்தில் ஒருவர் நம் வீட்டு ஆளாக இருந்தால் என்ன செய்வது. ஆனால் ஒரு சாசேஜைப் பார்த்ததும் குழந்தையின் கையிலிருந்து பிடுங்கும் அளவுக்கான எண்ணும் இல்லை இது. அதில் முக்கியமான சொல் 'தினமும்'. அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் நைட்ரைட்டின் பங்கு என்ன? தனியாக நின்றால் அது அவ்வளவு மோசமான ஆள் இல்லை. அதற்கு நைட்ரேட் என்று ஓர் உறவுக்காரர் உண்டு, நாம் சாப்பிடும் நைட்ரேட்டில் சுமார் 80 சதவீதம் காய்கறியிலிருந்துதான் வருகிறது. கீரை, பீட்ரூட், முள்ளங்கி எல்லாவற்றிலும் இருக்கிறது, நம் எச்சிலில் உள்ள கிருமிகள் அதில் ஒரு பங்கை நைட்ரைட்டாகவே மாற்றிவிடும். அப்படியானால் கீரைக் கடைசல் தின்றவர்களுக்கு எல்லாம் கேன்சர் வர வேண்டுமே, வரவில்லை. நைட்ரைட் இறைச்சிப் புரதத்தின் சிதைவுகளோடு சேரும்போது நைட்ரோசமைன் போன்ற பொருள்கள் உண்டாகின்றன, சிக்கல் அங்கேதான். சிவப்பு இறைச்சியில் இருக்கும் ஹீம் என்ற இரும்புச் சத்து குடலுக்குள் இந்தச் சேர்க்கையைத் தூண்டிவிடும், எண்ணெயில் கருக வறுத்தால் அடுப்பிலேயே உண்டாகிவிடும். கீரையில் ஹீம் இல்லை, கூடவே வைட்டமின் சி மாதிரியான தடுப்பாட்கள் இருக்கிறார்கள்.

உங்களை பயமுறுத்திய 316 அந்தத் தடுப்பாட்களில் ஒருவர் என்று சொன்னால் நம்புவீர்களா? அது சோடியம் எரித்தார்பேட், வைட்டமின் சி-யின் சித்தி மகன் மாதிரி. நைட்ரைட்டை நைட்ரோசமைன் பக்கம் போகவிடாமல் இழுத்துப் பிடிப்பது அதன் வேலைகளில் ஒன்று. வறுத்த பன்றி இறைச்சியில் நைட்ரோசமைன் இருக்கிறது என்று 1970-களில் அமெரிக்காவில் பெரிய ரகளை நடந்தது, 1978-இல் அங்கே பேக்கனில் நைட்ரைட்டை 120 பி.பி.எம். (அதாவது ஒரு கிலோவுக்கு 120 மில்லிகிராம்) என்று குறைத்து, கூடவே இந்த எரித்தார்பேட்டோ அதன் உடன்பிறப்பான அஸ்கார்பேட்டோ 550 பி.பி.எம். கட்டாயம் போட வேண்டும் என்று விதி கொண்டுவந்தார்கள். ஆக லேபிளில் 250 இருந்து 316 இல்லாமல் இருந்தால்தான் நான் ஒரு நிமிஷம் யோசிப்பேன். 451 பாஸ்பேட், கறியில் தண்ணீரைப் பிடித்து வைக்கப் போடுவது. தண்ணீருக்கும் சேர்த்துத்தான் நீங்கள் காசு கொடுக்கிறீர்கள் என்பதைத் தவிர உங்கள் வீட்டில் அதற்காகக் கவலைப்பட ஒன்றுமில்லை, சிறுநீரக நோயாளி யாராவது இருந்தால் மட்டும் கவனம்.

சிக்கன் சாசேஜ் என்பதால் தப்பித்தோமா என்றால், பாதி. கோழிக்கறியில் ஹீம் குறைவு, இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் தின்னும் மக்களிடம் செய்தவை. அதனால் அந்த 18 சதவீதத்தை அப்படியே தூக்கிச் சிக்கன் மேல் வைக்க முடியாது. ஆனால் நைட்ரைட் அதே நைட்ரைட்தான், உப்பும் அதே உப்புதான்.

உங்கள் சின்னவளுக்கு ஒரு கணக்கு போடலாம். உடம்பு எடையில் ஒரு கிலோவுக்கு 0.07 மில்லிகிராம் நைட்ரைட், ஒரு நாளைக்கு அதுவரை போகலாம் என்பதை ஐரோப்பிய நிபுணர் குழுவும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அவள் 20 கிலோ என்று வைத்துக்கொண்டால் 1.4 மில்லிகிராம். ஆலையில் போட்டதில் பெரும்பகுதி வேகும்போதும் பாக்கெட்டில் இருக்கும்போதும் கறியோடு கலந்து மறைந்துவிடும், சின்ன பங்குதான் நைட்ரைட்டாக மீந்திருக்கும். ஒரு கிலோவுக்கு 30 மில்லிகிராம் மீந்திருந்தால், இரண்டு சாசேஜ், அதாவது 50 கிராமில், 1.5. அளவு கிட்டத்தட்ட அங்கேயே நிரம்பிவிடுகிறது. இந்த அளவு வாழ்நாள் முழுக்க தினமும் சாப்பிட்டாலும் என்று கணக்கிட்டு நிறைய இடைவெளி விட்டு வைத்தது, ஒரு நாள் தாண்டினால் நஞ்சு என்று அர்த்தமில்லை. இருந்தாலும், பெரியவர்கள் சாப்பிட்டால் கண்டுகொள்ளாமல் விடும் அதே இரண்டு துண்டு 20 கிலோ உடம்புக்குப் பெரிய விஷயம். அதனால்தான் வாரத்துக்கு நாலு நாள் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு என்றால் ஒரு துண்டும் கூடாது என்பேன்.

உப்பை யாருமே கேட்பதில்லை, நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. பாக்கெட்டைத் திருப்பி சோடியம் வரியைப் பாருங்கள், 100 கிராமுக்கு 700, 800, 900 மில்லிகிராம் என்றுதான் பெரும்பாலும் இருக்கும். பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு மொத்தம் 2,000-க்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆறு வயதுக் குழந்தை பத்தே முக்கால் மணி இன்டர்வெல்லில் 400-ஐ முடித்துவிட்டு, சாயங்காலம் சிப்ஸில் மீதியைத் தொடங்கும்.

இப்போது இரண்டு மடங்கு விலைக்கு விற்கும் 'நைட்ரைட் சேர்க்காதது'. வாங்கும் முன் சேர்மானப் பட்டியலில் செலரி பொடி, செலரி சாறு என்று இருக்கிறதா பாருங்கள். செலரியில் நைட்ரேட் அதிகம், அதைக் கிருமியை வைத்து நைட்ரைட்டாக மாற்றிப் போட்டால் கறி அதே சிவப்பாகத்தான் வரும், உடம்புக்குள் போனால் அதே வேலையைத்தான் செய்யும், லேபிளில் மட்டும் 250 இருக்காது. அமெரிக்காவில் இது பெரிய வியாபாரம். எனக்கு இதில் கோபமே உண்டு, பயந்துபோன அம்மாக்களிடம் பயத்தையே விலையாக வாங்கிக்கொள்வது. இன்னொரு வகை நிஜமாகவே எதுவும் போடாதது, வேகவைத்துப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் இருக்கும், சாசேஜ் மாதிரியே இருக்காது. அது நைட்ரைட் விஷயத்தில் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் உப்பும் கொழுப்பும் குறையாது. காவலுக்கு இருந்த ஆளை அனுப்பிவிட்டதால் குளிர் விட்டுப்போகக் கூடாது என்ற பொறுப்பு உங்கள் தலையில் விழும்: ஃப்ரீசரிலேயே வைத்து, ஒரு தடவைக்கு வேண்டியதை மட்டும் எடுத்து, உருகியதைத் திரும்ப உறைய வைக்காமல், மின்சாரம் மணிக்கணக்கில் போயிருந்தால் தயங்காமல் குப்பையில் போட்டு. என்னைக் கேட்டால் அந்தக் கூடுதல் காசுக்கு அரைக் கிலோ நாட்டுக்கோழி வாங்கலாம்.

நைட்ரைட் இல்லாமல் முடியாதா என்றால் முடியும். இத்தாலியில் பார்மா ஹாம் என்ற பன்றித் தொடைக்கறிக்கு 1993 முதல் உப்பைத் தவிர எதுவும் சேர்ப்பதில்லை, ஒரு வருஷத்துக்கு மேல் தொங்கவிட்டுக் காத்திருக்கிறார்கள், அவ்வளவு பொறுமை நம் சூப்பர் மார்க்கெட் விலைக்குக் கட்டாது. பிரான்ஸின் உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2022 ஜூலையில் எல்லா ஆய்வுகளையும் திரும்பப் பார்த்து, உணவில் வரும் நைட்ரைட்டுக்கும் பெருங்குடல் புற்றுநோய்க்கும் தொடர்பு இருக்கிறது என்று உறுதி செய்தது, பதப்படுத்திய இறைச்சியை வாரத்துக்கு 150 கிராமுக்குள் வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னது. அடுத்த வருஷமே ஐரோப்பிய ஒன்றியம் அளவுகளைக் குறைத்துப் புதிய விதி போட்டது, 2025 அக்டோபர் முதல் அது நடைமுறையில் இருக்கிறது. ஆக, ஆலைக்காரர்கள் 'அனுமதிக்கப்பட்ட அளவு' என்று சொல்லும் அளவே கீழே இறங்கிக்கொண்டு வருகிறது. உங்கள் மாமியார் இதை எல்லாம் படிக்காமலே சாசேஜ் வேண்டாம் என்று சொல்லியிருப்பார், இல்லையா?

உப்புக்கண்டத்துக்கு வருவோம். உப்பிட்டு, புகையிட்டு, புளிக்கவைத்து அல்லது வேறு வழியில் நாள்பட வைக்கும் இறைச்சி எல்லாமே பதப்படுத்திய இறைச்சி என்பதுதான் அந்த லியோன் வரையறை. அப்படிப் பார்த்தால் உங்கள் அம்மாவின் உப்புக்கண்டமும் உள்ளே வந்துவிடும், ஆட்டுக்கறி என்பதால் ஹீமும் உண்டு. பாரம்பரியம் என்பதற்காக அதற்கு விலக்கு கொடுத்துவிட்டு பாக்கெட்டை மட்டும் திட்டுவது நேர்மை இல்லை. ஆனால் எப்படிச் சாப்பிடுகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். உப்பு, மஞ்சள், மிளகாய், பூண்டு தடவி, நூலில் கோத்து, நாலைந்து வெயிலில் கட்டையாகக் காய்ந்ததை அம்மா எவ்வளவு அனுப்புவார்? ஒரு டப்பா. மாதத்துக்கு ஒரு நாள், அதுவும் மழை பெய்தால், ரசச் சோற்றுக்கு ஆளுக்கு மூன்று துண்டு. அதை யாரும் தினமும் 50 கிராம் தின்ன முடியாது, நாக்கே தாங்காது. வெந்நீரில் ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, கருகவிடாமல் வதக்கிச் சாப்பிடுங்கள், அம்மாவை அனுப்ப வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கருவாடு பற்றியும் அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள் என்பதால் இப்போதே: முதல் பிரிவுப் பட்டியலில் 'சீன முறை உப்பு மீன்' என்று ஒன்று இருக்கிறது, மூக்குக்குப் பின்னால் வரும் ஒரு வகைப் புற்றுநோயோடு தொடர்புடையது. அது தென் சீனப் பகுதியில் மீனைக் கொஞ்சம் அழுகவிட்டுச் செய்வது, குழந்தைப் பருவத்திலிருந்தே ஊட்டுவது. நம் நெத்திலிக் கருவாட்டை அதில் சேர்த்துப் பயமுறுத்தும் செய்திகளைக் கண்டுகொள்ள வேண்டாம், உப்பை மட்டும் பாருங்கள்.

டிபன் பாக்ஸ். வேலைக்குப் போகும் அம்மாவிடம் 'வீட்டில் செய்து கொடுங்கள்' என்று சொல்லிவிட்டுப் போவது எனக்குப் பிடிக்காது, ஆறரை மணிக்கு அடுப்பங்கரையில் நிற்பது யார் என்று எனக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை கறி வாங்கும்போது எலும்பில்லாத கோழி அரைக் கிலோ கூடுதலாக வாங்கி, மஞ்சள், மிளகு, உப்பு போட்டு வேகவைத்து, ஆறியதும் கையால் நார் நாராகப் பிய்த்து, நாலு சின்ன டப்பாவில் பிரித்து ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். முந்தின நாள் இரவே ஒரு டப்பாவைக் கீழே இறக்கி வைத்தால், காலையில் வெங்காயத்தோடு ஐந்து நிமிஷம் நன்றாகச் சூடேற வதக்கி, ஈரமில்லாமல் சப்பாத்திக்குள் சுருட்டிக் கொடுத்துவிடலாம். இரண்டு நாள் அது, ஒரு நாள் முட்டைப் பொடிமாஸ், ஒரு நாள் சுண்டல் அல்லது பன்னீர், ஒரு நாள் சாசேஜ். ஆமாம், ஒரு நாள் இருக்கட்டும். முழுக்க நிறுத்தினால் பெரியவன் நண்பன் டப்பாவிலிருந்து வாங்கித் தின்பான், 11 வயது அப்படித்தான். அந்த ஒரு நாளும் எண்ணெயில் கருகும்வரை வறுக்காமல், தண்ணீரில் வேகவிட்டு, கடைசியில் கொஞ்சம் நெய்யில் புரட்டுங்கள். பக்கத்தில் ஒரு கொய்யாத் துண்டோ நெல்லிக்காயோ வைத்தால் வைட்டமின் சி-யும் ஆயிற்று. ரெண்டு வாரம் 'அது எங்கே' என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள், அப்புறம் பழகிவிடும்.

இனி உங்கள் வீட்டுக்காரர். நாலு ஸ்லைஸ் சலாமி என்பது கிட்டத்தட்ட 50 கிராம், அதுவும் தினமும், அதாவது ஆய்வுக்காரர்கள் சொன்ன அதே அளவு. வாரத்துக்கு 350 கிராம், பிரான்ஸ் சொன்ன வரம்பைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். இந்தக் குடும்பத்தில் அந்த 18 சதவீதத்துக்கு நேராக நிற்பவர் அவர் ஒருவர்தான், ஆனால் வாட்ஸ்அப் செய்தி வந்ததும் எல்லோரும் குழந்தைகளின் டப்பாவைத்தான் திறந்து பார்த்திருக்கிறீர்கள். ராத்திரி சலாமியை வாரத்துக்கு இரண்டு நாளாகக் குறைக்கச் சொல்லுங்கள், மீதி நாள் பிரெட்டில் ஆம்லெட்டோ மதியம் மீந்த கோழியோ வைக்கலாம். குடிப்பழக்கமோ சிகரெட்டோ இருந்தால் சலாமியைவிட முதலில் அவற்றைக் கவனிக்க வேண்டும், நீங்கள் எழுதவில்லை, நானும் துருவவில்லை.

அதைவிட முக்கியமான ஒன்று. அவருடைய அப்பாவுக்கு 55 வயதில், கேன்சராக மாறக்கூடிய பெரிய பாலிப் எடுத்திருக்கிறார்கள். பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ 60 வயதுக்குள் அப்படி வந்திருந்தால், 40 வயதிலோ அவர்களுக்குக் கண்டுபிடித்த வயதுக்குப் பத்து வருஷம் முன்னாலோ, எது முதலில் வருகிறதோ அப்போதே கொலோனோஸ்கோபி (கேமரா வைத்த குழாயால் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை) செய்து பார்த்துவிடச் சொல்வது மருத்துவத்தில் வழக்கம். பாலிப் புற்றுநோயாக மாற பெரும்பாலும் வருஷக்கணக்கில் ஆகும், அதற்கு முன்பே பார்த்துவிட்டால் அதே பரிசோதனையில் எடுத்தும்விடலாம். சலாமியை நிறுத்தினால் மட்டும் இந்தப் பலன் கிடைக்காது. உங்கள் மூத்தவனுக்கு 11 என்றால் அவர் 40-ஐ நெருங்கியிருப்பார் அல்லது தாண்டியிருப்பார். நான் டயட்டீஷியன், டாக்டர் இல்லை, எப்போது செய்ய வேண்டும் என்பதைக் குடல் மருத்துவர்தான் ரிப்போர்ட்டைப் பார்த்துச் சொல்ல வேண்டும். மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, திடீரென்று மாறிய மலப்பழக்கம் என்று ஏதாவது இருந்தால் வயதெல்லாம் பார்க்காமல் இந்த வாரமே போகச் சொல்லுங்கள். அவருக்கு அண்ணன், தம்பி, அக்கா, தங்கை இருந்தால் அவர்களுக்கும் இதே பேச்சுதான்.

போகும்போது மாமனாரின் பயாப்ஸி ரிப்போர்ட்டைக் கையோடு எடுத்துப் போகச் சொல்லுங்கள், பாலிப்பின் அளவும் வகையும் அதில்தான் இருக்கும். வீட்டில் கிடைக்கவில்லை என்றால் அறுவை செய்த மருத்துவமனையில் மாமனாரையே அழைத்துப் போய் ரெக்கார்ட்ஸ் பிரிவில் எழுதிக் கேளுங்கள், வைத்திருந்தால் நகல் எடுத்துக் கொடுப்பார்கள்.